தேய்மானம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகிற நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லை முடிகிற ஜூஜூவாடிக்குச் சற்று முன்னால் ஒரு கடை இருக்கிறது. பழைய சாமான் கடைதான். ஆனால் அப்படிச் சொன்னால் கடைக்காரருக்குப் பொல்லாத கோபம் வந்துவிடும். காயலான் கடை என்பது நீங்களும் நானும் விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளியை எடைக்குப் போட்டுவிட்டு வருகிற இடம். இவருடையதோ, நாலு பேர் காரில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றாத குறையாக, பயபக்தியோடு உள்ளே நுழைகிற இடம். மாட்டின் கழுத்து பட்டுப் பட்டு மெருகேறிய நுகத்தடி, குழி விழுந்த உரல், கொழு தேய்ந்த கலப்பை, விளிம்பு மழுங்கிய பித்தளைப் படி, வண்டிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் விளக்குப் போட்டு, துண்டுச் சீட்டில் விலை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். தேய்மானம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு விலையும் அதிகம்.

என் ஸ்நேகிதர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். நல்ல ரசிகர். என் கதைகளை விடாமல் படிக்கிறவர் என்பதிலிருந்தே அவருடைய பொறுமை உங்களுக்கு விளங்கும். அவர் அன்று வாங்கியது ஓர் இழைப்புளி. யாரோ ஒரு தச்சர் வருஷக்கணக்கில் பிடித்துப் பிடித்து, மரத்தில் உள்ளங்கையின் மேடும் விரல்களின் பள்ளமும் அப்படியே இறங்கியிருந்தன. நாலாயிரம் ரூபாய். அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "இதிலே ஒரு மனுஷனோட முப்பது வருஷம் இருக்கு சார்" என்றார். குரல் தழுதழுத்தது. நானும் தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டியதோடு நின்றிருந்தால் பாவமில்லை. நானும் இந்த வியாபாரத்தில் பங்காளிதான். சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மியைப் பற்றிக் கதை எழுதினேன். மூன்று தலைமுறைப் பெண்கள் அரைத்து அரைத்து அந்த அம்மி கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிற்று என்றும், அந்த வழவழப்பில் அவர்களுடைய அன்பு மின்னுகிறது என்றும் உருகி உருகி வர்ணித்திருந்தேன். பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. ஒரு வாசகி மட்டும் கார்டில் நாலு வரி எழுதினார்: அம்மி வழவழத்துப் போனால் அதில் மிளகாய் அரைபடாது, நழுவும், அதற்காகத்தான் உளி வைத்துக் கொத்துவார்கள், உங்கள் கதையில் மூன்று தலைமுறையாக ஒருவர்கூட அம்மி கொத்துகிறவனைக் கூப்பிடவில்லையா? எனக்குப் பதில் எழுத வெட்கமாக இருந்தது. எழுதவில்லை.

இந்தக் கட்டுரை ஒரு வகையில் அந்தக் கார்டுக்குப் பதில்.

இழைப்புளி வாங்கிய அதே வாரம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போக வேண்டியிருந்தது. என் மனைவி பிறந்த ஊர். அங்கே பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள். ஊர் முழுவதற்கும் அவள் ஆயா. எனக்கும் அப்படித்தான். நான் ஊர் மாப்பிள்ளை என்பதால் அவள் என்னை "மாப்பிள்ளே" என்றுதான் கூப்பிடுவாள். ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையைத் தூக்கிவர ஆள் இல்லை என்றாள். கூடப் போனேன்.

ஆயாவின் விரலை வாங்கி வாங்கி அந்த யந்திரத்தின் சின்னக் கண்ணாடியில் வைத்தான் கடைப் பையன். வலது கட்டை விரல். இடது கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடு விரல். பத்து விரலும் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் யந்திரம் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, இல்லை என்றது.

"துடைச்சிட்டு வை ஆயா."

"துடைச்சுத்தான் வெச்சேன் கண்ணு."

"இன்னும் நல்லாத் துடை."

ஆயா புடவைத் தலைப்பில் துடைத்தாள். அப்புறம் தலையில் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சில சமயம் எடுக்குமாம். எடுக்கவில்லை. போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதும் என்று ஒரு வழி இருக்கிறது. கார்டில் பதிந்திருப்பது மகனின் போன். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. உள்ளே போகும்போது போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து அவன் போனைத் தொடுகிற நேரத்துக்கு ரேஷன் கடை மூடியிருக்கும். குடும்பத்தில் வேறு யாராவது விரல் வைக்கலாமே என்றால், மீதியிருப்பவர் கிழவர். அவரும் ஆயாவைப் போலவே கல்லில் வேலை செய்தவர். அவருக்கும் அதே விரல்.

கடைசியில் பையன் ரொம்ப அன்பாகச் சொன்னான்: "தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு, ஒரு வாரம் வேலைக்குப் போகாம இருந்துட்டு வா ஆயா. ரேகை வந்துடும்."

அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. கணக்கில் ஒரு கிலோ குறைந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் சொன்ன யோசனையும் பொய்யல்ல. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். விரல் ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை. அதற்கு அடியில், உள்தோலின் மேட்டுப் பள்ளத்தில் இருக்கிறது. கருங்கல்லும் செங்கல்லும் சிமெண்டும் சுண்ணாம்பும் பாத்திரம் தேய்க்கிற பொடியும் மேல்தோலை அரித்து எடுத்துவிடுகின்றன. வேலையை நிறுத்தினால் தோல் மறுபடி வளரும், ரேகை மறுபடி எழும்பும். வயசாகிவிட்டால் மேடு தணிந்து போவதால் அதுவும் சந்தேகந்தான். ஆக, யந்திரம் ஆயாவிடம் சொன்னது இவ்வளவுதான்: நீ வேலை செய்கிற வரையில் நீ யார் என்று எனக்குத் தெரியாது, வேலையை விட்டுவிட்டு வா, அடையாளம் கண்டுகொள்கிறேன்.

ஆயா என்ன வேலை செய்தாள்? கிரஷர் வருவதற்கு முன்னால் கையால் ஜல்லி உடைத்த தலைமுறை அவளுடையது. ஒரு கையில் கல், ஒரு கையில் சுத்தியல். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நீங்கள் வழுக்கிக்கொண்டு போகிற சாலைக்கு அடியிலே, அதற்கு முந்தைய சாலைக்கும் அடியிலே, அவளைப் போன்றவர்கள் உடைத்த கல் கிடக்கிறது. கிரஷர் வந்த பிறகு அதிலே கூடை சுமந்தாள். அதற்கும் முடியாமல் போனபின் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். இந்த மூன்றையும்விடச் சிரத்தையாக ரேகையை அழிக்கக் கூடிய தொழில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓசூருக்குத் திரும்பி வந்து ஸ்நேகிதரிடம் இதைச் சொன்னேன். அவர் நிஜமாகவே வருந்தினார். வருந்திவிட்டு, "ஆனா அது வேறே, இது வேறே சார். அது டெக்னிகல் பிராப்ளம். இது அழகு" என்றார், அலமாரியில் வைத்த இழைப்புளியைக் காட்டி.

அது வேறு, இது வேறு என்கிறார்களே, அதோடுதான் என் சண்டை.

ஒரு கருவியில் மனிதக் கை ஏற்படுத்திய தேய்மானம் அழகு. அதே கருவி, அதே கல், அதே காலம் மனிதக் கையில் ஏற்படுத்திய தேய்மானம் கோளாறு. சுத்தியலின் பிடி வழவழத்தால் நாலாயிரம் ரூபாய். சுத்தியல் பிடித்த விரல் வழவழத்தால் அடுத்த வாரம் வா. ஒரே உராய்வில் இரண்டு பக்கமும் தேய்ந்தன. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து விளக்குப் போட்டு வைத்துக்கொண்டு, மறு பக்கத்தை வெயிலில் நிற்க வைப்பது என்ன ரசனை?

இதைக் காட்டிலும் கேவலமான ஒன்றும் உண்டு. நம் பிள்ளைகள் போடுகிறார்களே, முழங்கால் வெளுத்துப் போன ஜீன்ஸ் கால்சட்டை, அதை வெளுக்க வைப்பது எப்படி? புதுத் துணியின்மேல் அழுத்தமாக மணலைப் பீய்ச்சி அடிப்பது ஒரு வழி. துருக்கியில் அப்படி அடித்த இளைஞர்கள், சுரங்கத்துக்குள் கால் வைக்காமலே சுரங்கத் தொழிலாளியின் வியாதியைச் சம்பாதித்துக்கொண்டார்கள். மணல் தூசி நுரையீரலில் படிந்து கல்லாகிற சிலிகோசிஸ். எத்தனையோ பேர் செத்த பிறகு, 2009-இல் அந்த நாட்டு அரசாங்கம் மணல் அடிப்பதைத் தடை செய்தது. ஒருவன் உழைக்காமலே உழைத்தவன் மாதிரித் தோற்றமளிப்பதற்காக, இன்னொருவன் மூச்சைக் கொடுத்திருக்கிறான். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் பட்டறைகளில் யாராவது இருமினால், வெறும் இருமல்தானா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். ஆயாவின் கிழவர் இருமுகிறார்.

கைரேகை என்ற இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது என்று தேடினேன். நம் நாட்டில்தான். 1858-ஆம் வருஷம் ஜூலை மாதம் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க் காண்டிராக்டரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின்மேல் பதித்துக்கொண்டார். பிற்பாடு கையெழுத்து என்னுடையதல்ல என்று மறுக்காமல் இருப்பதற்காக ஒரு மிரட்டல். அவ்வளவுதான் அவருடைய முதல் உத்தேசம். கோனாய் சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட சரக்கு என்ன தெரியுமா? ரோட்டுக்குப் போடுகிற கல்! கல்லை உடைத்துக் கொடுத்தவர்களின் கையை அன்று யாரும் மையில் தோய்க்கவில்லை. காண்டிராக்டரின் கையே போதுமானதாக இருந்தது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்தது. அதன் கணக்கு முறையை உண்டாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று. அது தனிக் கதை.

தமிழில் 'கைநாட்டு' என்று ஒரு வசவு உண்டு. படிக்காதவனை அப்படிச் சொல்வோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவன் ஜாதி ஒன்று, கட்டை விரலை நீலத்தில் தோய்க்கிறவன் ஜாதி இன்னொன்று என்று வெகு காலம் இருந்தோம். இப்போது பாருங்கள், 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்துத் தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண்ணைக் கொடுத்ததிலிருந்து, டாக்டரும் கலெக்டரும் கதாசிரியனும் எல்லோரும் கைநாட்டுத்தான். நான் சிம் கார்டு வாங்கப் போனபோது என் விரல் முதல் தடவையிலேயே பளிச்சென்று விழுந்தது. பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத விரல். ரேகை அப்படியே இருக்கிறது, தாயார் வயிற்றிலிருந்து வந்த மாதிரி. கடைக்காரர் மெச்சிக்கூடப் பேசினார். படித்தவனுக்குக் கையெழுத்தும் இருக்கிறது, கைநாட்டும் இருக்கிறது. ஆயாவிடம் இருந்த ஒரே கையெழுத்து அந்தக் கட்டை விரல். அதை ரோட்டுக்கடியில் போட்டுவிட்டாள்.

ஆட்சேபணைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. போலி ரேஷன் கார்டுகள் இருந்தன, இல்லாத ஆட்களின் பெயரில் அரிசி கடத்தப்பட்டது, அதைத் தடுக்க ஏதாவது செய்ய வேண்டாமா என்பீர்கள். வேண்டியதுதான். நெல் தின்கிற பெருச்சாளியைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாரி லாரியாக அரிசி கடத்தினவன் ரேகை தேய்ந்தவன் அல்லவே! அவன் விரலை வைத்துப் பார்த்தால் என்னுடையதைவிடப் பளிச்சென்று விழும்.

விதி இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். அதுவும் வாஸ்தவம். ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்கு ரேஷனை மறுக்கக் கூடாது, மாற்று வழி செய்ய வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் எழுதியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில் ஆதார் சட்டம் செல்லும் என்று சொன்னபோதும் இந்த விஷயத்தைத் தொடாமல் விடவில்லை. கருவிழியைப் பார்க்கிற யந்திரமும் இருக்கிறது. கண்புரை முற்றிய கிழவியை அதன் முன்னால் நிறுத்தினால் அது என்ன சொல்லும் என்பது வேறு கேள்வி. விதி கடைக்கு வரும்போது என்ன ஆகிறது? ஆயாவுக்கு அன்று அரிசி கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பேசினேன். பையன் மேலே யாருக்கோ போன் செய்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அளந்து போட்டான். ஆக, கைரேகை இல்லாதவளுக்குச் சர்க்கார் ஏற்பாடு செய்திருக்கிற மாற்று வழி, சட்டை மடிப்புக் கலையாத ஒரு மாப்பிள்ளை. அவன் ஊருக்கு வராத மாசங்களில்? ஒரு நடைக்கு ஒரு நாள் கூலி. மூன்று நடை நடந்தால் இலவச அரிசி இலவசமல்ல.

தேய்ந்ததை மதிப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது அந்த மஞ்சள் விளக்குக் கடையல்ல. ஓசூரிலேயே ஒரு லேத் பட்டறை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் 1980-ஐ ஒட்டி அந்த ஊருக்கு வந்தன. பிறகு டைட்டன் வந்தது. பெரிய கம்பெனிகளைச் சுற்றி, ஆலமரத்தடிப் புல்லைப் போல நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. தகரக் கூரை, இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூன்று ஆட்கள், மூன்று பாஷை. தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் தெலுங்கில் திரும்பிக் கன்னடத்தில் முடியும். அப்படி ஒரு பட்டறையில் அறுபது வயது டர்னர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய லேத், பெங்களூர் எச்.எம்.டி. செய்தது. 1953-இல் ஜலஹள்ளியில் ஆரம்பித்த அந்தச் சர்க்கார் கம்பெனியின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். கடிகாரம் போய்விட்டது, லேத்துகள் மட்டும் இன்னும் பட்டறை பட்டறையாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அந்த லேத்தின் படுக்கையில், சக் இருக்கிற பக்கமாக, இரும்பு தேய்ந்திருக்கிறது. எல்லா லேத்திலும் அங்கேதான் முதலில் தேயும். வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. தேய்ந்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் டூல் ஒரு மயிரிழை தாழ்ந்து போகும். ஷாஃப்டின் பருமன் நூலளவு மாறும். டர்னர் அதைப் பற்றிப் பெருமையாகவும் பேசுவதில்லை, உருகுவதும் இல்லை. "இங்கேருந்து இதுவரைக்கும் நான் கொஞ்சம் விட்டுப் பிடிப்பேன் சார்" என்று கையால் அளந்து காட்டினார். வெட்டுவார், நிறுத்துவார், மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பார், மறுபடி வெட்டுவார். வேலை சுத்தமாக வரும். அவருடைய டூல் பிட்டுகளைப் பார்த்தேன். விரல் நீளம் இருந்தவை. மழுங்க மழுங்கச் சாணையில் பிடித்து, சுண்டு விரலில் பாதியாகிவிட்டன. இன்னும் வெட்டுகின்றன. ஆனால் சுவரில் ஓர் ஆணியில் பழைய ஸ்பானர் ஒன்று தொங்கியது. அதைப் பையன்கள் தொடக் கூடாது. வாய் தேய்ந்துவிட்டது, போல்ட்டில் வழுக்கிக் கையை உடைக்கும். "தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றேன். "என் வாத்தியார் கொடுத்தது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த மனிதரிடம் தேய்மானம் ஒரு சமாசாரம். எங்கே தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது, அதற்கு ஈடு என்ன என்று தெரிந்துவைத்திருக்கிறார். அந்த லேத்துக்கு அவர் விட்டுக் கொடுக்கிறார். ஒரு பழைய இரும்பு யந்திரத்துக்கு மனிதன் நாள் முழுவதும் ஈடு கொடுக்கும்போது, ஒரு கிழவியின் விரலுக்கு யந்திரம் ஏன் ஈடு கொடுக்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன். அதைச் செய்தவர்கள் அறிவாளிகள். விரலே இல்லாதவர்கள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விரல் இருந்து ரேகை இல்லாதவர்கள் இந்த நாட்டின் கட்டிடங்களையும் சாலைகளையும் போட்டவர்கள் என்பது மட்டும் விளிம்பில் எழுதிக்கொள்ள வேண்டிய விதிவிலக்காகப் பட்டிருக்கிறது.

இரும்புக்கு இருக்கிற மரியாதையை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்திலே மயிலாடும்பாறை என்று ஓர் இடம். அங்கே தோண்டி எடுத்ததை வைத்து, கி.மு. 2172-லேயே தமிழ்நாட்டில் இரும்பு இருந்தது என்று 2022 மே மாதம் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். மூன்று வருஷங்கூட ஆகவில்லை, 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் கி.மு. 3345-க்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. நமக்கெல்லாம் உச்சி குளிர்ந்தது. எனக்கும்தான். துருப்பிடித்த ஒரு துண்டைக் கண்டு, இதைப் பிடித்த கை எங்கள் கை என்று மார் தட்டினோம். அதற்கும் முந்திய கற்காலக் கோடரிகள், தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியவை, சேர்வராயன் மலைப் பக்கத்தில் பிள்ளையார் கோயில்களில் குவித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உழும்போது கிடைத்ததை என்னவென்று தெரியாமலே, ஏதோ பெரியவர்கள் கையிலிருந்து வந்தது என்று ஜனங்கள் சாமிக்கு முன்னால் வைத்தார்கள். எவ்வளவு நல்ல மனசு! ஆயுத பூஜையன்று சிப்காட்டைச் சுற்றி வந்து பாருங்கள்: லேத்துக்குச் சந்தனம், லாரிக்கு வாழைக்கன்று, ஸ்பானருக்குக் குங்குமம், கம்ப்யூட்டருக்குக்கூட ஒரு பொட்டு. ஸ்பானரைப் பிடித்த கைக்கு ஒரு பொட்டலம் பொரி.

கணக்குப் புத்தகத்திலும் இதே கதைதான். தேய்மானம் என்பது ஆடிட்டர்களுடைய வார்த்தை. சாதாரண யந்திரம் ஒன்றுக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் கழித்துக் கொள்ளலாம். யந்திரம் உழைத்தால் தேயும், தேய்ந்தால் முதலாளிக்கு நஷ்டம், அதைச் சர்க்கார் ஒப்புக்கொள்கிறது. நியாயந்தான். ஆளுக்கு? 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், கட்டை விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம், ஆள்காட்டி விரல் போனால் 14 என்று, இறைச்சிக் கடைப் பலகை மாதிரி ஒரு பட்டியல் போட்டது. துண்டாகப் போனால்தான் கணக்கு. முப்பது வருஷமாகத் தூள் தூளாகப் போனதற்கு எந்தப் பட்டியலிலும் வரி இல்லை.

நான் கேட்பது பெரிய புரட்சியல்ல. முதலில் அரிசியை அளந்து போடுங்கள். பிறகு விரலைப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் நடக்க வேண்டியது ஆபீஸ், ஆயா அல்ல. ஆயாவை ஊரே அறியும்; பையனுக்கே அவளைப் பெயர் சொல்லித் தெரியும். 'துடைச்சிட்டு வை ஆயா' என்று உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நீ ஆயாதானா என்று யந்திரத்தைக் கேட்பது என்ன கூத்து! இன்னொன்றும் செய்யலாம். இன்று கடையில் எத்தனை பேருக்கு ரேகை விழவில்லை என்று, இருப்பு எழுதுகிற கரும்பலகையில் சர்க்கரைக்கும் பாமாயிலுக்கும் கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஓசூர் ரோஜாவும் கிருஷ்ணகிரி மாம்பழமும் எத்தனை டன் வெளியே போகின்றன என்று தெரிந்துகொள்கிறவர்கள், இதையும் ஒரு விளைச்சலாக எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

ஸ்நேகிதர் இந்தக் கட்டுரையைப் படித்தால் கோபித்துக்கொள்வார். இழைப்புளியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதில் இருப்பது ஒரு மனுஷனுடைய முப்பது வருஷம் என்று அவர்தான் சொன்னார். அந்த மனுஷனிடம் மீதி இருப்பது என்ன, அவன் எந்த வரிசையில் நிற்கிறான் என்று ஒரு தடவை யோசித்தாரானால் எனக்குப் போதும். அவர் யோசிக்கிறாரோ இல்லையோ, கதை எழுதுகிற நான் யோசித்திருக்க வேண்டும். அம்மியின் வழவழப்பைப் பார்த்தவன் அரைத்தவளின் கையைப் பார்க்கவில்லை.

அன்று ஆயாவின் அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு மாமியார் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மியைப் பற்றித்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வழவழவென்று போய்விட்டதாம்; மஞ்சள் நழுவுகிறதாம்; "அம்மி கொத்தலையோ அம்மி" என்ற குரல் தெருவில் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். மிக்ஸி இருக்கிறதே என்றதற்கு, மஞ்சளுக்கு அது சரிப்படாது என்றார் மாமியார். பின்னாலேயே வந்த ஆயா, "உளி இருந்தா எடுங்க, நான் கொத்தித் தர்றேன்" என்றாள்.

உளியும் சுத்தியலும் அவள் வீட்டிலேயே இருந்தன. திண்ணையில் அம்மியைச் சாய்த்துப் போட்டு, ஒரு காலை மடித்து உட்கார்ந்தாள். மேல் மூலையிலிருந்து வரிசையாக, டொக் டொக்கென்று, ஒரே இடைவெளியில் புள்ளி வைத்துக்கொண்டே இறங்கினாள். கண்ணில் தூசு படாமல் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டாள். கல்லைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் அம்மி முழுவதும் கரகரவென்று ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, கொஞ்சம் ஊறின அரிசியைப் போட்டு அரைத்து, அதை வழித்து எறிந்துவிட்டு, "இனிமே பிடிக்கும்" என்றாள்.

மாமியார் இருநூறு ரூபாய் கொடுத்தார். புது நோட்டுகள். ஆயா அவற்றைக் கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிரியவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டா இருக்குதா, மூணா ஒட்டிக்கிட்டிருக்குதா, பாருங்க மாப்பிள்ளே. எனக்கு விரல்லே தெரியறதில்லே."